சுபேதார் வீட்டு நடை

கல்லேரிப்பாக்கத்துக்காரர்களுக்கு என்ன வந்தது என்று சுபேதார் ஏகாம்பரத்துக்குப் புரியவில்லை. ஆறு மாதமாக ஊரின் நடையே சரியில்லை. பால்காரர் ஒரு தோளைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார். முன்பெல்லாம் நெஞ்சை நிமிர்த்திப் போன தமிழாசிரியர், தரையில் எதையோ தொலைத்தவர்போலக் குனிந்து காலை இழுக்கிறார். டெய்லர் மஸ்தான் நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். ஏகாம்பரம் முதலில் வெயில் என்று நினைத்தார். பிறகு குடிதண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று முடிவுகட்டி, நகராட்சிக்கு ஒரு மனுவும் எழுதிப் போட்டார். பதில் வரவில்லை.

"நேரா நட, மஸ்தான். நாப்பத்தஞ்சு வயசுல உனக்கு இன்னாய்யா கூனு?"

"வயசாவுதில்லீங்களா ஐயா" என்று மஸ்தான் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தெருமுனைக் கம்பத்தின் உச்சியை ஒருமுறை பார்த்துவிட்டு அவசரமாகக் கடைக்குள் போய்விட்டார்.

ஏகாம்பரத்துக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். தாடை நிமிர்ந்து, தோள் விரிந்து, ஆணி அடித்த மாதிரி ஒரு முதுகு. இடது கால் மட்டும் தரையைத் தொடுமுன் ஒரு கண்சிமிட்டும் நேரம் காற்றில் நின்று, பிறகு இறங்கும். ஊரில் அதற்குச் 'சுபேதார் வீட்டு நடை' என்று பெயர். மகள் குமுதவல்லியும் அப்படியேதான் நடப்பாள். விடுப்பில் வந்த அப்பாவின் பின்னாலேயே நடந்து நடை பழகியவள். கூன் விழாமலிருக்க ஆறு வயதில் அவள் முதுகில் மர ஸ்கேலை வைத்துக் கட்டியவர் ஏகாம்பரம். அவளும் அழாமல் கட்டிக்கொண்டு நின்றவள்தான்.

அன்று பகல் இரண்டு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. மனைவி பூங்காவனம் எடுத்தாள். கேட்டுவிட்டு, ரிசீவரை வைக்கத் தோன்றாமல் நின்றாள்.

"ஏங்க, நம்ம வல்லியைக் காவற்கண் பிடிச்சிடுச்சாம்."

காவற்கண் என்பது தெருமுனைக் கம்பங்களில் இருந்த கருவி. எல்லையில் ஊடுருவி வருகிறவனை, அவன் முகம் தெரியாவிட்டாலும் நடையை வைத்தே கண்டுபிடித்துக் கத்தி எச்சரிப்பதற்காக ராணுவம் செய்தது. எட்டு மாதத்துக்கு முன்பு அதை இந்த ஊர்ப் போலீசுக்குக் கொடுத்தார்கள். திறந்துவைத்தவரே ஏகாம்பரம்தான். அன்று மேடையில் அவர் பேசியது இன்றும் அவருக்கு வரிவரியாக ஞாபகம் இருந்தது. "தப்பு செய்யாதவன் எதுக்குப் பயப்படணும்? இது ராணுவத்தோட கண்ணு. தப்பாப் பார்க்காது." கைதட்டல் நெடுநேரம் கேட்டது. சட்டையில் ஒரு பித்தளைப் பதக்கம் குத்தினார்கள். அதை அணியாமல் அவர் தெருவில் இறங்கியதில்லை.

"என்ன பண்ணியிருப்பா?" என்றார் ஏகாம்பரம்.

"என்ன பண்ணுவா? மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போடறவ. மாற்றலாகி நேத்து ராத்திரிதான் ஊருக்கு வந்தா. இன்னைக்குத்தான் மொத நாள் வேலை. காலையில டிபன்பாக்ஸ எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவ."

"ஒண்ணும் இல்லாம அது கத்தாது."

பூங்காவனம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் கண்டதில்லை. அடுக்களைக்குள் போய்விட்டாள். ஏகாம்பரம் சட்டையை மாட்டி, பதக்கத்தைக் குத்திக்கொண்டு கிளம்பினார். இந்த வீட்டுப் பெயர் இதுவரை ஸ்டேஷன் வாசல் ஏறியதில்லை. வழியெல்லாம் அவர் அதையே நினைத்துக்கொண்டு போனார். மகளை நினைக்கவில்லை என்பது பின்னால்தான் அவருக்கு உறைத்தது.

ஸ்டேஷன் வாசலில் ஒரு கவச வண்டி நின்றது. அதுவும் ராணுவத்திலிருந்து வந்ததுதான். அதன் பீரங்கிக் குழாயில் யாரோ துவைத்த காக்கிச் சட்டையைக் காயப்போட்டிருந்தார்கள். உள்ளே கழிவறைக்குக் கதவில்லை. பழைய கம்பளி தொங்கியது. மொத்தமே நாலு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஆதிகேசவன் எழுந்து நின்று சல்யூட் வைத்தார். தூக்கம் கெட்ட கண்கள்.

"வாங்க சார். உக்காருங்க. எனக்கே ஒண்ணும் புரியல."

"என் பொண்ணு என்ன குத்தம் செஞ்சா? அதை முதல்ல சொல்லுங்க."

"குத்தம்னு ஒண்ணும் இல்ல சார். நடந்தாங்க."

"நடந்ததுக்கா பிடிச்சீங்க?"

"நாங்க பிடிக்கல. அது கத்துச்சு. கத்தினா பிடிச்சே ஆகணும், அதுதான் சட்டம். பிடிச்சவங்களை இந்த வராந்தாவுல மூணு தடவை நடக்க விடுவோம். ஒரு தடவையாவது அது கத்தாம இருந்தா விட்டுடலாம். மூணு தடவையும் கத்தினா சிறப்பு முகாம். வேற மாநிலம். ஒரு வருஷத்துக்கு வக்கீல் கிடையாது, விசாரணை கிடையாது." ஆதிகேசவன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா ரெண்டு தடவை நடந்துட்டாங்க. ரெண்டு தடவையும் கத்துச்சு. நாலு மணிக்கு வண்டி வரும்."

ஏகாம்பரம் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார். "இது எல்லைக்குச் செஞ்ச சட்டமாச்சே. கடைத்தெருவுல எதுக்கு?"

"சண்டை வரும் வரும்னு கோடி கோடியாக் கொட்டி வாங்கிக் குவிச்சாங்க. சண்டை வரல. வாங்கினதைச் சும்மா போட்டு வச்சா நாலு பேரு கேள்வி கேப்பாங்க. அதனால மாவட்டத்துக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுத்துட்டாங்க. சட்டமும் கூடவே வந்துடுச்சு. இலவசம்தான் சார், ஆனா பராமரிப்பு நம்ம தலையில. அதுக்குத்தான் எங்கிட்ட இருந்த ஆளுங்கள்ல பாதிப் பேரைக் குறைச்சாங்க. போன வாரம் பஜார்ல நகை திருட்டு. போய்ப் பார்க்க ஆள் இல்ல. ஆனா மாசாமாசம் யந்திரம் எத்தனை பேரைப் பிடிச்சுதுன்னு எழுதி அனுப்பியாகணும். குறைஞ்சா அதைத் திருப்பி எடுத்துக்குவாங்க. அதை நம்பி வர்ற டீசலும் மிச்ச ஆளும் அதோட போயிடும்."

"இதுவரைக்கும் எத்தனை பேர்?"

"முப்பத்தொண்ணு. பேண்டு மாஸ்டர், கபடி கோச், தமிழ் வாத்தியார்... ஒருத்தருக்கும் ஒருத்தருக்கும் சம்பந்தமே கிடையாது. நாலு பேரு முகாம்லேருந்து இன்னும் வரல. எதை வச்சுப் பிடிக்குதுன்னு கேட்டு எழுதினேன். ராணுவ ரகசியம்னு பதில் வந்துச்சு."

மகள் பின்கட்டு அறையில் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டிபன்பாக்ஸ் மடியில் திறக்காமல் இருந்தது. உட்கார்ந்திருந்தபோதும் முதுகு சுவரைத் தொடவில்லை.

"வல்லி. என்ன செஞ்ச? அப்பாகிட்ட மறைக்காம சொல்லு."

அவள் டிபன்பாக்ஸை மடியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தாள்.

"காலையிலேர்ந்து நாலு பேர் இதையே கேட்டுட்டாங்கப்பா. நீங்க வந்தா கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

யந்திரமும் பொய் சொல்லாது, மகளும் பொய் சொல்லமாட்டாள். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கும்? தலைக்குள் ஏதோ கழன்று உருளுவதுபோல இருந்தது. "இரு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"இன்ஸ்பெக்டர், அது என்னத்தைப் பார்த்துக் கத்துச்சோ அதை நான் பார்க்கணும்."

"காட்டக் கூடாது சார்" என்றார் ஆதிகேசவன். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் திரையைத் திருப்பினார்.

முகம் இல்லை, உடை இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளாலான ஒரு உருவம் நடந்தது. பக்கத்தில் சிவப்புக் கோடுகளில் இன்னொரு உருவம். "வெள்ளை உங்க பொண்ணு. சிவப்புதான் மாதிரி. 'எதிரி ஒண்ணு'ன்னு பேரு. இதை வச்சுத்தான் எல்லாரையும் ஒப்பிடுது. உங்க பொண்ணு நூத்துக்குத் தொண்ணூத்தேழு பொருத்தம். இவ்வளவு இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்ல."

சிவப்பு உருவம் நடந்தது. தாடை நிமிர்ந்திருந்தது. தோள் விரிந்திருந்தது. இடது கால் தரையைத் தொடுமுன் ஒரு கண்சிமிட்டும் நேரம் காற்றில் நின்றது.

ஏகாம்பரம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, ஓய்வுக்கு முந்திய குளிர்காலம். பனிச்சரிவு ஒன்றில் புதிதாகக் கருவி நட்டிருந்தார்கள். அதற்கு எதிரியைக் காட்டிப் பழக்க வேண்டும், அதனால் எதிரியாக நடக்க ஆள் தேவைப்பட்டது. ஆறு பேர் போனார்கள். ஐந்து பேரைப் பனி கடித்துப் படுக்கவைத்தது. ஏகாம்பரம் ஒருவரே நாற்பது நாளும் நடந்து முடித்தார். உதடு வெடித்த ஒரு விஞ்ஞானிப் பையன் தினமும் கெஞ்சுவான். "சுபேதார் சாப், ஒரு நாள் குனிஞ்சு நடங்க. ஒரு நாள் தவழுங்க. நொண்டுங்க. எதிரி பல மாதிரி வருவான் சாப்." அதற்கு அவர் சொன்ன பதிலைச் சொல்லிச் சொல்லி மெஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள், மெச்சினார்கள். "எங்க வீட்டுல யாரும் குனிஞ்சு நடந்ததில்ல. எனக்கு ஒரே நடைதான். வேணும்னா எடுத்துக்கோ."

அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நாற்பது நாளைப் பற்றி மனைவியிடம்கூடச் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். பத்தொன்பது வருடம் அதைக் காப்பாற்றினார். இப்போது மணி இரண்டே முக்கால். ஆதிகேசவனிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது தன் குரல் யாருடையதோ போல அவருக்குக் கேட்டது.

ஆதிகேசவன் மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பெத்த பாசம் சார். எனக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்த நடை உங்க நடைன்னா முதல்ல உங்களைப் பார்த்துத்தானே அது கத்தியிருக்கணும்? எட்டு மாசமா தெருவுல தினம் நடக்கறீங்களே."

அது நியாயமான கேள்வி. ஒருவேளை தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ? பனியில் நடந்ததெல்லாம் கற்பனையோ? அவர் விழித்துக்கொண்டு நிற்கையில் ஆதிகேசவனின் கண் அவர் சட்டையில் போய் நின்றது.

"ஐயையோ" என்றார் மெதுவாக. "அந்தப் பதக்கம். அதுக்குள்ள ஒரு எலக்ட்ரானிக் சில்லு இருக்கு சார். மேடையில இருந்த நாலஞ்சு பெரிய மனுசங்களுக்கு மட்டும் கொடுத்தது. அதைப் போட்டிருந்தா காவற்கண் உங்களைப் பார்க்காது. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"மரியாதைக்குக் குத்தினாங்கன்னு நெனச்சேன்."

பதக்கத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். வராந்தாவுக்குப் போனார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, அணிவகுப்பில் நடப்பதுபோல நடந்தார். நாலாவது எட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டேஷனே அதிரும்படி அது கத்தியது. போலீஸ்காரர்கள் மூவர் துப்பாக்கியோடு ஓடிவந்து, சுபேதாரைப் பார்த்து விழித்தார்கள். ஆதிகேசவன் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். திரையில் எண் நின்றது. நூறு.

"இதை நான் பார்க்கல" என்றார் ஆதிகேசவன். நெற்றி வேர்த்திருந்தது. "எழுதினா உங்களையும் சேர்த்து அனுப்பணும்."

"யந்திரம் தப்புன்னு எழுதுங்க."

"தப்பில்லையே சார். சொல்லிக்கொடுத்ததைச் சரியாத்தானே செய்யுது? மாதிரியை மாத்தற அதிகாரம் எனக்கு இல்ல. மேலிடத்துக்கு எழுதினா ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ."

"இந்தப் பதக்கத்தை அவளுக்குக் குத்திவிட்டா?"

"ஆளுக்கு ஒண்ணு சார். வேற ஆள் போட்டா அதுவே கத்தும்."

மணி மூன்றரை. இனிச் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது என்ன என்று ஏகாம்பரத்துக்குத் தெரிந்தது. அதனால்தான் பின்கட்டு அறை வாசலில் இரண்டு நிமிடம் உள்ளே போகாமல் நின்றார்.

"வல்லி, எழுந்திரு. மூணாவது தடவை நடக்கணும்."

"நடந்து என்னப்பா? மறுபடியும் கத்தத்தான் போவுது."

"கத்தாது. நீ... கொஞ்சம் குனிஞ்சு நடக்கணும்."

அவளுக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பிறகு சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பில்லை. "யாரு சொல்றது? நீங்களா? முதுகுல ஸ்கேல் கட்டிவிட்ட ஏகாம்பரமா?"

அப்பாவைப் பெயர் சொல்லி அவள் பேசியது அதுவே முதல் தடவை. அவர் தலையை அசைத்தார்.

"எனக்கு வேற மாதிரி நடக்கத் தெரியாதுப்பா. காலையிலேர்ந்து நானும் முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன். நான் எப்படி நடக்கறேன்னே எனக்குத் தெரியல. அப்புறம் எப்படி மாத்தறது?"

"எனக்கும் தெரியாது. என் பின்னாடி வா."

வராந்தாவில் போலீஸ்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஆதிகேசவன் சுவிட்சைப் போட்டார். "அம்மாவோட சோதனை. சார் கூட வர்றது எனக்குத் தெரியல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஏகாம்பரம் பதக்கத்தைத் திரும்பக் குத்திக்கொள்ளவில்லை. தாடையை இறக்கினார். அது மார்பில் இடித்தது. தோளைச் சுருக்கினார். முதுகை வளைத்தபோது எலும்பு ஒவ்வொன்றாக இறங்கியது. இடது காலைத் தூக்கவே இல்லை, தரையோடு தேய்த்து இழுத்தார். தெருவில் அப்படி ஒருவனைக் கண்டால் அதட்டியிருப்பார். பின்னால் மகளின் காலடி கேட்டது. முதலில் விறைப்பாக, பிறகு தயங்கி, பிறகு அவருடையதைப் போலவே இழுபட்டது. இரண்டு வயதில் இந்தக் குழந்தை இப்படித்தான் பின்னால் வந்தது என்று நினைவு வந்ததும் கண்ணீர் மறைத்தது. மனதுக்குள் எட்டுகளை எண்ணிக்கொண்டு வந்தவர் அதை நிறுத்திவிட்டார்.

சுவர் வந்ததும் நின்றார்கள். எந்தச் சத்தமும் இல்லை. பச்சை விளக்கு எரிந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே இறங்கும்போது ஆதிகேசவன் பின்னால் ஓடிவந்தார். "சார், பதக்கத்தை மறந்துட்டீங்க."

ஏகாம்பரம் அதைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் படியில் கூனி நின்றாள்.

"அது இங்கேயே இருக்கட்டும். இவ குனிஞ்சு நடக்கும்போது நான் மட்டும் எப்படி நிமிந்து நடக்கறது?"

கடைத்தெருவுக்கு வந்தார்கள். வெயில் இறங்கியிருந்தது. ஏகாம்பரம் குனிந்தபடியே கண்ணை உயர்த்தினார். பால்காரர் ஒரு தோளைத் தொங்கவிட்டுப் போனார். தமிழாசிரியர் காலை இழுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள்கூடப் பையின் பாரத்தில் வளைந்தவர்கள்போல வந்து, கம்பத்தைத் தாண்டி வேப்பமர நிழலில் நுழைந்ததும் சட்டென்று நிமிர்ந்து, துள்ளி ஓடினார்கள்.

ஏகாம்பரம் அப்படியே நின்றுவிட்டார்.

டெய்லர் மஸ்தான் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். முதலில் குனிந்த முதுகைப் பார்த்தார். பிறகு வெறும் சட்டையைப் பார்த்தார். ஊசியை நூலோடு காலரில் குத்திவிட்டு இறங்கி வந்தார்.

"தெரிஞ்சுபோச்சுங்களா ஐயா?"

"ஊருக்கே தெரியுமா?"

"ஆறு மாசமாத் தெரியும். பிடிபட்டு வந்த தமிழ் வாத்தியாருதான் கண்டுபிடிச்சாரு. நிமிந்து நடக்கறவனைத்தான் அது பிடிக்குதுன்னு. வூடு வூடாப் போயி சொல்லிக்குடுத்தாரு."

"என் வீட்டுக்கு வரலையே?"

மஸ்தான் தலையைச் சொறிந்தார். "நீங்கதானேங்க அதைத் தொறந்து வச்சது. உங்களை மட்டும் அது ஒண்ணும் பண்ணல. போதாக்குறைக்கு தெனம் தெருவுல நின்னுகினு 'நேரா நட, நேரா நட'ன்னு எங்களை மெரட்டுவீங்க. மாட்டிவிடத்தான் சொல்றீங்கன்னு நெனச்சோம். தப்பா எடுத்துக்காதீங்க."

தண்ணீரில் கலப்படம் என்று மனு எழுதிய நாள் அவருக்கு ஞாபகம் வந்தது.

"சரி வுடுங்க. மொதல் கம்பம் அதோ இருக்குது. அப்படி இல்லீங்க, வலது தோளு இன்னும் எறங்கணும். அந்த எடது காலு பாருங்க, மறுபடியும் தூக்கறீங்க. மேல நிக்கவுடாம வச்சிடுங்க."

"ஆமாப்பா" என்றாள் குமுதவல்லி. "எனக்கு வந்துடுச்சே. நீங்க ஏன் அதை அப்படி நிறுத்தறீங்க? சும்மா கீழ வைங்களேன்."

"வைக்க முடியாது. கணுக்கால்ல இரும்புத் துண்டு ஒண்ணு இருக்கு. நீ பொறக்கறதுக்கு முந்தின வருஷம் குண்டு வெடிச்சப்போ உள்ள போனது. நேரா வச்சா குத்தும்."

அவள் நின்றாள். "வலியா? இவ்வளவு நாளும் அது வலியாப்பா? நாங்க மிடுக்குன்னு நெனச்சோமே. நான் அதைப் பார்த்துத்தானே..."

அவர் மறுபடி நடந்து பார்த்தார். கம்பம் பத்து எட்டுத் தூரத்தில் இருந்தது. தோளை இறக்கினால் தாடை ஏறியது. தாடையை இறக்கினால் கால் தூக்கியது. ஆயிரக்கணக்கான பையன்களுக்கு இடது வலது என்று கத்திக் கத்தி நடை பழக்கியவர், கல்லேரிப்பாக்கம் கடைத்தெரு நடுவில், எந்தக் காலை முதலில் எடுத்துவைப்பது என்று தெரியாமல் நின்றார்.

குமுதவல்லி அவருக்கு முன்னால் வந்தாள். தலையைக் குனிந்தாள். தோளைச் சுருக்கினாள்.

"என் பின்னாடி வாங்கப்பா" என்றாள்.